முப்பத்தொரு டூகல் மக்ராட்டன்கள்

போன மாதம் லண்டன் வெம்பிளியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் ஒரு திரை வைத்திருந்தார்கள். பெயரைத் தட்டினால் எந்த மேசையில் இருக்க வேண்டும் என்று அது காட்டுமாம். எனக்கு முன்னால் நின்றவர் சிவகுமார் என்று தட்டினார். ஒன்பது சிவகுமார் வந்தார்கள். திரை கொஞ்சம் யோசித்துவிட்டு அணைந்துபோனது. வரிசை கார் நிறுத்துமிடம் வரை நீண்டது. மண்டபத்தை நடத்துகிற பிள்ளை குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அங்கிள், நீங்கள் பெரிய ஹோட்டலில விருந்து செக்ஷனில இருந்தனீங்கள்தானே? ஒரே பேரில இத்தனை பேர் வந்தால் அந்த நாளையில என்ன செய்தனீங்கள்?"

"ஒன்பதுதானே பிள்ளை? நான் முப்பத்தொண்டு பாத்தனான்."

அவளுக்கு அப்போது கேட்க நேரமில்லை. மறுநாள் போன் எடுத்து, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் போவதாகவும் எழுதித் தரும்படியும் சொன்னாள். அவள் எதிர்பார்ப்பது அரைப் பக்க விதிமுறை. எனக்கு அரைப் பக்கத்தில் எதையும் சொல்ல வராது. என் மனைவியைக் கேட்டால் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கணக்கியல் படிக்கவென்று லண்டன் வந்தேன். ஒரு வருடத்தில் படிப்பு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். இரண்டு தரப்பும் அழவில்லை. நடு லண்டனில் ஒரு பழைய ஹோட்டலில் சனி ஞாயிறு வேலைக்குப் போனவன், முழுநேரமாகித் தொண்ணூறுகள் முடியும்வரை அங்கேயே கிடந்தேன். இடப்பக்கத்தால் பரிமாறு, வலப்பக்கத்தால் எடு, வெள்ளைக் கையுறையில் சோஸ் பட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள். பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மிஸ்டர் பிரிம்லியிடம் கற்றது.

மிஸ்டர் பிரிம்லி எங்கள் விருந்து மனேஜர். ஒல்லியானவர். உள் பொக்கற்றில் எப்போதும் ஒரு மர அடிமட்டம் வைத்திருப்பார். மேசை விளிம்பிலிருந்து முள்ளுக்கரண்டியின் அடிவரை ஒரு அங்குலம் இருக்க வேண்டும். இருநூறு பேர் விருந்தென்றால் இருநூறு முள்ளுக்கரண்டியையும் அளப்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வரவர மரியாதை கூடும். ஒரு வசனத்தில் இரண்டு தரம் "தயவுசெய்து" வந்தால் அன்றைக்கு யாரோ ஒருவன் தொலைந்தான் என்று அர்த்தம்.

எதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. விருந்தாளிக்குக் கெட்ட செய்தி வந்தால்கூட. மேசையில் வைத்துச் சொல்லவே கூடாது. ஆளை வெளியே கூப்பிட வேண்டும். ஒரு நாற்காலி கொடுக்க வேண்டும். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, அவர் ஒரு மிடறு குடித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். "நிற்கிற மனிதனிடம் மரணத்தைச் சொல்வது அநாகரிகம்" என்பார்.

இனி அந்த முப்பத்தொரு ஸ்கொட்லாந்துக்காரர்களின் கதைக்கு வருகிறேன். டூகல் மக்ராட்டன் என்ற பெயருள்ள பிரபலங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பெயர் மட்டும் போதாது, ஆள் ஏதாவது சாதித்திருக்கவும் வேண்டும். வருடத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள். நான் சொல்லப்போகிற வருடம் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் ஒருவர் பெரிய நீதவான். ஒருவர் இருதய அறுவை வைத்தியர். ஒருவர் அந்தக் காலத்து உதைபந்தாட்டக் கோல் காப்பாளர்; ஒரேயொரு கோலைத் தவறவிட்டதற்காக நாடு முழுக்கப் பேர்பெற்றவர். ஒருவர் புது வகை ரோசா உண்டாக்கியவர். பாதிப் பேர் கட்டம்போட்ட கில்ட் உடுத்து வருவார்கள். எங்கள் பான்ட்ரியில் தட்டு அடுக்குகிற பரமண்ணை முதல்தரம் பார்த்தபோது, "என்ன தம்பி, சாரத்தைக் குறுக்காலை வெட்டிப்போட்டு வந்திருக்கினம்?" என்று கேட்டார்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு பிடிவாதம். அன்றைக்கு எல்லாரும் சமம், ஆகவே மேசை அட்டையில் பட்டமோ தொழிலோ எழுதக் கூடாது. முப்பத்தொரு அட்டையிலும் டூகல் மக்ராட்டன், டூகல் மக்ராட்டன் என்று ஒரே கையெழுத்து. அப்படியென்றால் எந்த அட்டையை எங்கே வைத்தால் என்ன? மிஸ்டர் பிரிம்லியால் அப்படி நினைக்க முடியாது. இருக்கை வரைபடத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அட்டையையும் அதற்குரிய இடத்தில் தானே வைப்பார். ஒரு வருடம் இரண்டு அட்டைகள் அவர் கையிலிருந்து கீழே விழுந்துவிட்டன. எது எது என்று தெரியாமல் மனிதர் பத்து நிமிடம் நின்றார். கடைசியில் என்னிடம், "தயவுசெய்து, புதிதாக இரண்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நானும் பரமண்ணையும் எங்கள் ஊர் வழியில் ஆளைப் பிரித்தோம். எங்கள் ஒழுங்கையில் நாலு கந்தையா இருந்தால் ஒருவர் சுருட்டுக் கந்தையா, ஒருவர் மூக்குக் கந்தையா. யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. அதே மாதிரி இங்கேயும் நீதவான் டூகல், கத்தி டூகல், பந்து டூகல், ரோசா டூகல். "அண்ணை, கத்திக்குச் சோஸ் வேண்டாமாம்!" "ஓம், ஓம், ரோசாவுக்கு இறைச்சி நல்லா வேகோணுமாம், சொல்லிவிடு!" என்று தமிழில் கத்திக்கொள்வோம். ஒரு தட்டுக்கூட மாறிப்போனதில்லை.

அந்தச் சனிக்கிழமை சூப் போய்க்கொண்டிருந்தபோது பான்ட்ரிச் சுவரில் இருந்த போன் அடித்தது. பக்கத்தில் நின்றவன் நான். எடுத்தேன். ஒரு பொம்பிளை அழுதுகொண்டே கதைத்தாள். "டூகல் மக்ராட்டனிடம் சொல்லுங்கள், அம்மா கடுமையாக இருக்கிறா, பின்னேரம் தாண்டாது என்று டொக்டர் சொல்கிறார், உடனே வரட்டும்." தெருப் போன் பெட்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டும், காசு முடிகிற பீப் பீப் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அழுகிற பொம்பிளையை மறித்து, எந்த டூகல், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வளர்ப்பு அப்படி. லைன் அறுந்துபோன பிறகுதான், நான் கையில் வைத்திருப்பது முப்பத்தொரு பேருக்கும் பொதுவான ஒரு தாய் என்று விளங்கியது.

மிஸ்டர் பிரிம்லியிடம் ஓடினேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கணக்குப் போட்டார்.

"ஒவ்வொருவராக வெளியே அழைத்து, நாற்காலி, தண்ணீர், விசாரணை. ஒருவருக்கு நாலு நிமிடம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல்." அடிமட்டத்தை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். "ஆட்டிறைச்சி அதுவரை தாங்காது."

"தாயும் தாங்கமாட்டா, சேர்."

என்னைப் பார்த்தார். "அப்படியானால் சூப் தட்டு எடுக்கும்போது நீங்களே விசாரியுங்கள். யாருக்கும் பதற்றம் வராமல், தயவுசெய்து."

பதற்றம் வராமல் விசாரிக்க யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித்தர வேண்டுமா? செத்த வீட்டுச் செய்தியையே "கொஞ்சம் சுகமில்லையாம், ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம்" என்று சொல்லி அனுப்புகிற சனம் நாங்கள். ஒவ்வொரு நாற்காலியாகக் குனிந்து, தட்டை எடுத்தபடி, "சேர், உங்கள் அம்மா சுகமாக இருக்கிறாவா?" என்று கேட்டேன்.

முதலாவது ஆள் நீதவான். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "என் அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவவைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை" என்றார். கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அவ சுடுகிற ஓட்ஸ் ரொட்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கையை விடுவிக்க மூன்று நிமிடம் எடுத்தது. ரோசா டூகல் தன் தாயின் பெயரைத்தான் பூவுக்கு வைத்திருந்தார். தாய் அதைப் பார்த்துவிட்டு நிறம் சரியில்லை என்றாவாம். கத்தி டூகல், "ஏன் கேட்கிறாய்?" என்றார். "சும்மாதான், சேர்." "சும்மா ஒருவரும் கேட்பதில்லை" என்று எழும்பிவிட்டார். வைத்தியர் அல்லவா, அவரும் நாள்தோறும் சனத்திடம் சும்மா என்று சொல்லுகிறவர்தான்.

அதற்குப் பிறகு மண்டபம் என் கையில் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. தாய் உயிரோடு இருக்கிற டூகல்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் நப்கினைக் கழுத்தில் செருகியபடி லொபிக்கு ஓடினார்கள். அங்கே இருந்தது நாலு போன் பெட்டி. ஒரு கிழவி, மகன் ஒரு வருடமாக எடுக்காத கோபத்தில், உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டா. இன்னொருத்தி வைக்கவே மாட்டேன் என்றா. வெளியே நின்ற பந்து டூகல் கண்ணாடியில் தட்டத் தட்ட, உள்ளே இருந்தவர் தன் பல் வலியைப் பற்றித் தாய்க்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்பது தாய்மாரும் சுகம். தாய் இறந்துபோன மிச்ச இருபத்தொரு பேரையும் நீதவான் வரிசையில் நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். "உங்கள் தாய் இறந்தது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? அடக்கத்துக்குப் போனீர்களா?" என்று கத்தி டூகலைக் கேட்டதும் இருவருக்கும் சண்டை வந்தது.

சாகக் கிடப்பது அவர்களில் ஒருவரின் தாயும் இல்லை. நீதவான் தீர்ப்புச் சொன்னார்: "செய்தி பிழை." எல்லாரும் ஆட்டிறைச்சிக்குத் திரும்பினார்கள். மிஸ்டர் பிரிம்லி அடிமட்டத்தைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, "சரி, விடயம் முடிந்தது" என்றார்.

எனக்கு அது முடியவில்லை. அந்த அழுகையை நான் காதால் கேட்டவன். அதற்கு முதல் வருடம் என் அம்மா ஊரில் செத்தா. "அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்று தம்பி எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது. ஊரில் சண்டை, பாதை பூட்டு, ஊரடங்கு, நான் போயிருக்கவும் ஏலாது. ஆனாலும் யாராவது நேரத்துக்குச் சொல்லியிருக்கலாம் என்ற நினைப்பு என்னை விடவில்லை. இப்போது நானே ஒருவனுக்குச் சொல்லாமல் நிற்கிறேன். பான்ட்ரிக்குள் போய், இறைச்சித் தட்டு அடுக்கும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். உண்மையிலேயே அழுகை வந்தது.

பரமண்ணை தட்டுத் துடைப்பதை நிறுத்தினார். "எந்தப் போனிலயடா வந்தது?"

"இதிலதான் அண்ணை. இந்தச் சுவரில."

"இது எங்கட போனெல்லோ? வேலையாக்களின்ர வீட்டுக்காரருக்கு மட்டும் குடுத்த நம்பர். இதில விருந்தாளிக்கு ஆர் அடிக்கப் போகினம்?"

நான் வாயைப் பிளந்தேன். காலையிலிருந்து அந்தப் பெயரையே முப்பத்தொரு தரம் பார்த்துப் பார்த்து, எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "எங்களில ஆர் அண்ணை டூகல்?"

"எனக்கென்ன தெரியும்? எங்களில ஆரின்ர பேர்தான் ஆருக்குத் தெரியும்?"

மிஸ்டர் பிரிம்லியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் தொட்டதில்லை. அவர் அலுமாரியிலிருந்து ஆள் பதிவுப் புத்தகத்தை எடுத்தார். அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஓர் இடத்தில் அடிமட்டம் நின்றது. மக்ராட்டன், டூகல். பாத்திரம் கழுவுதல். கீழே மிஸ்டர் பிரிம்லியின் சொந்தக் கையெழுத்து.

அது ஜொக். கீழ்த்தளத்தில் தட்டுக் கழுவுகிறவன். ஸ்கொட்லாந்துக்காரன் யாரைக் கண்டாலும் லண்டனில் ஜொக் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு வருடம் அவனோடு தேத்தண்ணி குடித்திருக்கிறேன். எனக்கும் அவன் ஜொக்தான்.

மிஸ்டர் பிரிம்லி கழுவும் அறைக்குள் கால் வைத்ததை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். ஆவி புகையாக நின்றது. ஜொக் முதுகைக் காட்டி நின்று சூப் தட்டுகளை ஊறவைத்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் மக்ராட்டன்" என்றார் மிஸ்டர் பிரிம்லி. அவன் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தரம்தான் திரும்பி, தன் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தான். மிஸ்டர் பிரிம்லி ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு இருக்கச் சொன்னார். மேலே விருந்தாளிகளுக்கு வைக்கிற கிளாசில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். அவன் ஒரு மிடறு குடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார். ஜொக் கேட்டுவிட்டு, "இரண்டு கிழமையாக ஆஸ்பத்திரியில் இருக்கிறா. இன்றைக்குப் பெரிய விருந்து, லீவு கேட்டால் கரைச்சல் என்று கேட்கவில்லை" என்றான். தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத் பக்கத்து ஆஸ்பத்திரி. சனிக்கிழமை ரயிலை நம்ப ஏலாது.

டாக்சி பிடிக்க முன்வாசலுக்குப் போக வேண்டும். வேலையாட்கள் முன்வாசலால் போகக் கூடாது. அதுவும் மிஸ்டர் பிரிம்லியின் சட்டம். அவர் ஜொக்கின் முழங்கையைப் பிடித்து நேரே விருந்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். ரப்பர் பூட்சும் நனைந்த ஏப்ரனுமாக அவன் கம்பளத்தில் நடந்தான். நடுவில் நின்று, பிரபுக்களை அறிவிக்கிற அதே குரலில் மிஸ்டர் பிரிம்லி சொன்னார்:

"கனவான்களே, மிஸ்டர் டூகல் மக்ராட்டன்."

முப்பத்தொரு டூகலும் நிமிர்ந்து பார்த்தார்கள். பழக்க தோசத்தில் ஒருவர் கேட்டார்: "இவர் எதற்காகப் பிரபலமானவர்?"

"அவருடைய தாய் சாகக் கிடக்கிறா, சேர்" என்றார் மிஸ்டர் பிரிம்லி. மேசையில் வைத்து, அத்தனை பேர் முன்னால், ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுக்காமல்.

டாக்சி வேண்டாம் என்று நீதவான் எழும்பினார்; அவருடைய கார் வாசலில் நின்றது. சாரதிக்குப் பக்கத்தில் அவர் ஏறினார். வைத்தியர்களோடு கதைக்க ஒரு வைத்தியர் வேண்டும் என்று கத்தி ஏறினார். பந்து ஏன் ஏறினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மிஸ்டர் பிரிம்லி என்னையும் உள்ளே தள்ளினார். "தாமதம் உங்களுடையது. கொண்டுபோய்ச் சேர்ப்பதும் உங்கள் பொறுப்பு." பின்சீற்றில் நாலு பேர் நெருக்கி இருந்தோம். கத்தியின் கில்ட்டுக்கு மேல் ஜொக்கின் ஏப்ரன் தண்ணீர் சொட்டியது. வழியில் பந்து இரண்டு தரம், "பிந்தமாட்டோம், பிந்தமாட்டோம்" என்றார்.

வார்ட் வாசலில் ஒரு தாதி மறித்தாள். குடும்பத்தவர் மட்டும்தானாம். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் கேட்டாள்.

"டூகல் மக்ராட்டன்" என்றான் ஜொக்.

"டூகல் மக்ராட்டன்" என்றார் நீதவான்.

"டூகல் மக்ராட்டன்." "டூகல் மக்ராட்டன்."

அவள் பேனை நின்றது. என்னைப் பார்த்தாள். கறுத்த முகம், கறுத்த கோட், கையில் இன்னமும் வெள்ளைக் கையுறை. எனக்கு ஒரு தாயின் கட்டிலடியில் நிற்க வேண்டும்போல இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை.

"டூகல் மக்ராட்டன்" என்றேன்.

"எல்லாரும் ஒரே குடும்பமா?"

பொய்ச்சாட்சி சொன்னதற்காக எத்தனையோ பேரை உள்ளே அனுப்பிய நீதவான், "ஆம், ஒரே குடும்பம்" என்றார்.

தாய் முழித்திருந்தா. குருவியளவு மனிசி. ஜொக் கட்டிலில் குந்திக் கையைப் பிடித்தான். "கை ஏன் இப்படி ஈரம்?" என்றா. அவன் ஏப்ரனில் துடைத்தான், ஏப்ரனும் ஈரம். கத்தி தன் கில்ட் நுனியை நீட்டினார். அவன் அதில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டான்.

அவ எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தா. "இவர்கள் யார்?"

"இவர் டூகல், அம்மா. இவரும் டூகல். அவரும் டூகல்தான்."

அவவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சுப் போதவில்லை. அது அடங்கும்வரை நாங்கள் காத்துநின்றோம். பிறகு என்னைக் காட்டினா.

"அது டெரி" என்றான் ஜொக். ஹோட்டலில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். திருநாவுக்கரசு என்ற முழுப்பெயரை வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே யாரோ வெட்டிவிட்டார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

அவ நெடுநேரம் என்னைப் பார்த்தா. "டெரி என்று உன் அம்மா வைத்திருக்கமாட்டா. உன் அம்மா உன்னை என்னவென்று கூப்பிடுவா, மகனே?"

லண்டனில் அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. "அரசு" என்றேன்.

அவ சொல்லிப் பார்த்தா. முதல்தரம் சரியாக வரவில்லை. இரண்டாம் தரமும் வரவில்லை. ஜொக், "விடுங்கள் அம்மா, களைத்துப்போவீர்கள்" என்றான். அவ தலையை ஆட்டி மறுத்தா. மூச்சை எடுத்து, கண்ணை மூடி, மூன்றாம் தரம், எங்கள் வீட்டுப் படலை வாசலில் நின்று என் அம்மா கூப்பிடுவதுபோலச் சரியாகக் கூப்பிட்டா.

"ஓம் அம்மா" என்றேன்.